கல்லாவில் யார் உட்காருவது?

திரையின் மேல்மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் '1' என்று தெரிகிறது. புதுச் செய்தி வந்திருக்கிறது என்று ஆவலாகத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஏற்கெனவே படித்த உரையாடல்தான் கிடக்கிறது. ஃபேஸ்புக்கின் அரட்டைப் பகுதியில் ஒருகாலத்தில் இந்தத் தொல்லை விடாமல் துரத்தியது. பொறியாளர்கள் சரிசெய்வார்கள், கொஞ்ச நாள் அடங்கும், பிறகு எங்கிருந்தோ அதே '1' மறுபடி தலைகாட்டும். 2014-ல் நடந்த தங்கள் மாநாட்டில் அந்நிறுவனத்தின் பொறியாளர்களே இதை மேடையேறி விவரித்தார்கள்.

படிக்காத செய்தி எத்தனை என்பது ஒரே ஒரு எண். ஆனால், அந்த எண் அரட்டைச் சன்னலுக்கும் தெரிய வேண்டும், செய்திப் பக்கத்துக்கும் தெரிய வேண்டும், மேலே இருக்கும் சிவப்பு வட்டத்துக்கும் தெரிய வேண்டும். நிரலின் பல பகுதிகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டிருந்ததால், ஓரிடத்தில் நடந்த மாற்றம் இன்னோரிடத்துக்குப் போகாமல் நின்றது. அவ்வளவுதான் கதை. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் கூடி வேலைசெய்த இடத்திலேயே தடுமாற வைத்த இந்தச் சிக்கல், முதன்முதலாக நாற்பது வரி ஸ்கிரிப்ட் எழுதும் கல்லூரி மாணவியின் மேசையிலும் அச்சு மாறாமல் வந்து நிற்கிறது. அதனால்தான் இதை வல்லுநர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிரல் எழுதப் பழகுகிற முதல் வாரத்திலேயே பேசப்பட வேண்டிய விஷயம் இது.

ஒரு சின்னக் கடையின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முறுக்கும் கடலைமிட்டாயும் விற்கிற கடை. பக்கத்தில் மூன்று பகுதிகள்: பொருள்களின் பட்டியல், மேலே கூடைச் சின்னம், கீழே பில் தொகை. நிரல் எழுதுபவர் மூன்றையும் மூன்று ஆப்ஜெக்ட்டுகளாக, அதாவது தனக்கென்று தகவல் வைத்துக்கொள்ளும் தனித்தனி அலகுகளாக எழுதுகிறார். 'கூடையில் எத்தனை இருக்கிறது' என்ற தகவலை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எண்ணாக வைத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் இரண்டு முறுக்குப் பொட்டலம் சேர்க்கிறார். சின்னத்தில் 2 வருகிறது. பில்லிலும் இரண்டுக்கான தொகை வருகிறது. பிறகு மனம் மாறி ஒன்றை நீக்குகிறார். பில் குறைகிறது. சின்னமோ 2 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு நிரல் ஓடும்போது நினைவில் வைத்திருக்கும் தகவல்களைத்தான் அதன் 'நிலை' என்கிறார்கள், பேச்சுவழக்கில் 'ஸ்டேட்'. கடைப் பக்கத்தில் நடந்தது என்னவென்றால், ஒரே நிலைக்கு மூன்று பிரதிகள் உருவாகி, மூன்றும் மூன்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டன.

இதற்குப் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் இரண்டு. முதலாவது, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் மற்றதைக் கூப்பிட்டுச் சொல்வது: பட்டியல் சின்னத்துக்குச் சொல்லும், பில் பட்டியலுக்குச் சொல்லும், சின்னம் பில்லுக்குச் சொல்லும். மூன்று ஆப்ஜெக்ட்டுகள் இருந்தால் ஆறு திசைகளில் பேச்சு நடக்க வேண்டும். நாளைக்குத் தள்ளுபடிக் கூப்பன், டெலிவரிக் கட்டணம், விருப்பப் பட்டியல் என்று பத்தாகப் பெருகினால் தொண்ணூறு திசைகள். அதில் ஒரே ஒரு திசை விட்டுப்போனாலும் எங்கோ ஒரு பொய் எண் நிற்கும்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் எளிதாகத் தெரிவது. எண்ணிக்கையை எடுத்து எல்லாருக்கும் பொதுவான ஒரு மாறியில் போட்டுவிடுவது. 'குளோபல் வேரியபிள்' என்று அழைக்கப்படுவது இதுதான். பிரதிகள் ஒழிந்தன, எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். ஆனால், பார்ப்பது மட்டுமா? எல்லாரும் அதில் எழுதவும் செய்கிறார்கள்.

எந்த ஹோட்டலிலும் கல்லாப்பெட்டியில் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். பரிமாறுபவர் பில்லைக் கொண்டுவந்து கொடுப்பார். மாஸ்டர் காய்கறிக்குக் காசு கேட்டு வாங்கிப்போவார். பெட்டிக்குள் கை வைப்பது மட்டும் ஒரே ஆள். அங்கே வேலைசெய்யும் மற்றவர்கள் நம்பத்தகாதவர்கள் என்பதல்ல அதற்குக் காரணம். ராத்திரி கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் இடித்தால், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பத்துப் பேர் கை வைத்த பெட்டியில் பணம் எப்போது குறைந்தது, எதற்காகக் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பொது மாறியும் அப்படித்தான். மதிப்பு தவறாக இருக்கிறது என்று தெரியும். அதைத் தவறாக்கிய வரி எது என்று தேட, நிரல் முழுவதையும் படித்தாக வேண்டும்.

இதைக் கணினித் துறை தாமதமாகக் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பகுதியும் தன் உள்விவரத்தைத் தனக்குள்ளே மறைத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதினார். அடுத்த ஆண்டே வில்லியம் உல்ஃப், மேரி ஷா இருவரும் பொது மாறிகள் தீங்கானவை என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகளாவிய வலை பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை அது. ஆனால், இணையத்துக்கான மொழிகள் அவசரத்தில் பிறந்தவை. அந்த அவசரத்தில் பெட்டி திறந்தே கிடந்தது.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய மொழிதான் பின்னாளில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அதில் ஒரு மாறியை முறையாக அறிவிக்க மறந்துவிட்டு மதிப்பை மட்டும் எழுதினால், மொழி கண்டிக்காது. அதைத் தானாகவே பொது மாறியாக்கிவிடும். ஒரு பக்கத்தில் பத்து ஸ்கிரிப்ட்டுகளை ஏற்றினால் பத்தும் ஒரே பொதுவெளியில் வந்து விழும். ஒருவர் 'எண்ணிக்கை' என்று பெயர் வைத்து, இன்னொருவரும் அதே பெயரை வைத்தால், பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிடுவார். மொழியின் நல்ல பகுதிகளைப் பிரித்துக்காட்டி 2008-ல் புத்தகம் எழுதிய டக்ளஸ் கிராக்ஃபோர்டு, அதன் மோசமான பகுதிகளைப் பட்டியலிட்டபோது முதலாவதாகக் குறிப்பிட்டது பொது மாறிகளைத்தான். அறிவிக்காத மாறியில் எழுதுவதைப் பிழை என்று நிறுத்துகிற கண்டிப்பு முறை 2009-ல் வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சுவர் எழுப்பித்தரும் மாட்யூல் வசதி மொழியின் தரத்துக்குள் வர 2015 ஆயிற்று. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் இணையத்தில் உயிரோடு இருக்கின்றன.

அவற்றின் நிழல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு 2018-ல் நடந்த ஒரு சம்பவம் சான்று. ஜாவாஸ்கிரிப்டில் எல்லா வரிசைகளும், அதாவது 'அரே'க்களும், தங்கள் பொதுத் திறன்களை 'புரோட்டோடைப்' என்ற ஒரே மூதாதை ஆப்ஜெக்ட்டிலிருந்து பெறுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் பிரபலமாக இருந்த மூடூல்ஸ் என்ற நிரல்தொகுப்பு, வசதிக்காக அந்த மூதாதையிலேயே 'ஃபிளாட்டன்' என்ற திறனைத் தன் சொந்தமாகச் சேர்த்துவைத்திருந்தது. 2018-ல் மொழியை வகுக்கும் குழு அதே பெயரில் அதிகாரபூர்வமான திறனைக் கொண்டுவர முயன்றது. ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது ஏறியதும், பழைய மூடூல்ஸை நம்பியிருந்த ஓர் இணையதளம் உடைந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது மொழிதான். பெயர் 'ஃபிளாட்' என்று சுருங்கி, 2019-ன் தரத்தில் இடம்பெற்றது. இதற்கு முன்பே 'கன்டெயின்ஸ்' என்று வரவேண்டிய இன்னொரு திறன், இதே காரணத்தால் 'இன்க்ளூட்ஸ்' ஆகியிருந்தது. எங்கோ யாரோ பொது இடத்தில் வைத்த ஒரு பொருளுக்காக, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மொழியே இரண்டு முறை வழி மாறிப்போக வேண்டியிருந்தது.

பிஹெச்பி மொழியின் அனுபவம் இன்னும் கசப்பானது. அதில் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்றொரு அமைப்பு இருந்தது. வாசகர் படிவத்தில் எதை நிரப்பினாலும், இணைய முகவரியின் வாலில் எதை எழுதினாலும், அது அந்தப் பெயரிலேயே நிரலின் பொது மாறியாகிவிடும். சோம்பல் நேரத்தில் இது பெரிய வசதி. ஆனால், 'இவர் அனுமதி பெற்றவரா' என்பதை ஒரு மாறியில் வைத்து, அதற்குத் தொடக்கத்தில் 'இல்லை' என்று மதிப்பிட மறந்துவிட்ட நிரலின் கதி என்ன? முகவரியின் வாலில் அந்த மாறியின் பெயரையும் 1 என்ற எண்ணையும் எழுதிவிட்டால், வெளியாள் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடுவார். கல்லாப்பெட்டியில் வாடிக்கையாளரையே கை வைக்க விட்டது போன்ற ஏற்பாடு அது. 2002-ல் வந்த 4.2 பதிப்பில்தான் இதைத் தானாக இயங்காதபடி அணைத்துவைத்தார்கள். 2012-ல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள்.

பகிர்வதில் இன்னொரு குழப்பமும் உண்டு. தெரியாமலே பகிர்ந்துவிடுவது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலை வேறொரு பெயரில் எடுத்து வைத்தால், புதுப் பட்டியல் பிறப்பதில்லை. அதே பெட்டிக்கு இன்னொரு சாவி கிடைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பெயரில் ஒரு பொருளை நீக்கினால் அந்தப் பெயரிலும் காணாமல் போகும். பிஹெச்பி மொழியில் இது பதிப்புக்குப் பதிப்பு மாறியதே ஒரு கதை. நான்காம் பதிப்பு வரை ஓர் ஆப்ஜெக்ட்டை இன்னொரு மாறியில் வைத்தால் முழுப் பிரதி எடுக்கப்படும். 2004-ல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகு, அதே வரி சாவியை மட்டும் கொடுக்கும். ஒரே வரி, நேர்மாறான விளைவு. பகிர்கிறோமா, பிரதி எடுக்கிறோமா என்று யோசிக்காமல் எழுதப்பட்ட நிரல் இரண்டு காலத்திலும் தவறியிருக்கும்.

'சின்ன ஸ்கிரிப்ட்தானே, இதற்கு இத்தனை கட்டுப்பாடா?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஹெச்டிடிபிக்கு இயல்பாகவே ஞாபகமறதி உண்டு. ஒரு கோரிக்கைக்குப் பதில் சொன்னதும் யார் கேட்டார் என்பதை அது மறந்துவிடும். அந்த மறதியை ஈடுகட்டத்தான் 1994-ல் லூ மான்டுலி 'குக்கீ'யை உருவாக்கினார். வழக்கமான பிஹெச்பி ஸ்கிரிப்ட்டும் இதே குணம் கொண்டது: ஒரு கோரிக்கைக்காகப் பிறக்கும், பதிலை அனுப்பிவிட்டு மறையும், அடுத்தவருக்காகப் புதிதாகப் பிறக்கும். அதில் ஒரு பொது மாறி இருந்தாலும் அதன் ஆயுள் ஒரு கோரிக்கைதான்; ஒருவரின் தகவல் அடுத்தவரிடம் போய்ச்சேர வழியில்லை. முப்பது வரி, ஒரே ஆள் எழுதுவது, ஒரே முறை ஓடுவது என்றால் பொது மாறியால் குடிமுழுகிவிடாது.

ஆனால், சின்ன ஸ்கிரிப்ட் சின்னதாகவே இருப்பதில்லை. 2009-ல் நோட் ஜேஎஸ் வந்தபோது ஜாவாஸ்கிரிப்ட் சர்வருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நிரல் ஒருமுறை தொடங்கினால் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரம் பேருக்கும் அதே நிரல்தான் பதில் சொல்லும். பிரவுசரில் எழுதிப் பழகியவர், இப்போது லாகின் செய்திருப்பவரின் பெயரை அதே பழக்கத்தில் கோப்பின் தொடக்கத்தில் ஒரு மாறியில் வைக்கிறார். தன் கணினியில் தனியாகச் சோதித்துப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரும் நாளில், முதலாமவரின் கணக்கு இரண்டாமவருக்குத் திறந்துகொள்ளும்.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2021 மார்ச் 8 அன்று, உலகெங்கும் நிரலர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம், தன் பயனர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் லாக்அவுட் செய்தது. சில நாள்களுக்கு முன் ஒருவர், தன் கணக்கில் இருந்தபோதே திடீரென்று வேறொருவரின் கணக்குக்குள் வந்துவிட்டதாகப் புகார் அனுப்பியிருந்தார். சில மணிநேரத்தில் அதேபோல இன்னொரு புகார். தோண்டிப் பார்த்தபோது, காரணம் ஒரு பகிர்ந்த பெட்டி என்று தெரிந்தது. அவர்கள் பயன்படுத்திய யூனிகார்ன் என்ற சர்வர் மென்பொருள், ஒவ்வொரு கோரிக்கையின் விவரங்களையும் வைக்க ஒரே ஆப்ஜெக்ட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. ஒரு கோரிக்கை முடிந்ததும் காலிசெய்து, அடுத்ததை அதிலேயே நிரப்பும். பல ஆண்டுகள் இது சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு, தளத்தை வேகப்படுத்துவதற்காகப் பின்னணியில் தனியே இயங்கும் ஒரு த்ரெட்டைச் சேர்த்தார்கள். முந்தைய கோரிக்கையின் பெட்டி என்று நினைத்து அந்த த்ரெட் கையை விட்ட நேரத்தில், அதில் அடுத்தவரின் விவரம் வந்து உட்கார்ந்திருந்தது. மிக அரிதாக அமையும் ஒரு வரிசையில், ஒருவரின் லாகின் அடையாளமான செஷன் இன்னொருவரின் பிரவுசருக்குப் போனது.

பாதிக்கப்பட்ட செஷன்கள் 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று கிட்ஹப் அறிவித்தது. அந்த எண் சிறியதாக இருப்பதில்தான் ஆபத்தின் இயல்பே தெரிகிறது. எப்போதும் தவறும் நிரலை அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். லட்சத்தில் ஒரு தடவைக்கும் குறைவாகத் தவறும் நிரலை எந்தச் சோதனையில் பிடிப்பது? 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி சேவையில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்ததும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பாதியில் கைவிடப்பட்ட ஒரு கோரிக்கையின் பதில், பலரும் மாறிமாறிப் பயன்படுத்தும் இணைப்புக் குழாயில் தங்கிவிட்டது. அடுத்து வந்தவர் அதைத் தன் பதிலாகப் பெற்றுக்கொண்டார்.

இதற்கெல்லாம் மருந்து பகிராமலே இருப்பது அல்ல. பகிராமல் எந்தக் கடையும் நடக்காது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2014-ல் முன்வைத்த 'ஃப்ளக்ஸ்' என்ற அமைப்பின் சாரம் எளிமையானது. தகவல் ஒரே இடத்தில் இருக்கும். அதைப் பார்க்க எல்லாருக்கும் உரிமை உண்டு. மாற்ற நினைப்பவர் தானே மாற்றக் கூடாது. 'இந்தச் செய்தி படிக்கப்பட்டது' என்று ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். சீட்டைப் பார்த்து மாற்றுவது உரிமையாளரின் வேலை. மாறியதும் எல்லாருக்கும் தெரிவிப்பதும் அவர் வேலையே. அடுத்த ஆண்டில் டான் ஆப்ரமோவ், ஆண்ட்ரூ கிளார்க் இருவரும் எழுதிய 'ரீடக்ஸ்' இதையே இன்னும் சுருக்கி, பரவலாகக் கொண்டுசேர்த்தது. சிவப்பு வட்டத்தின் '1' எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் இப்போது ஒரு சீட்டுக்கட்டைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

முறுக்குக் கடையின் ஸ்கிரிப்டுக்கு ரீடக்ஸ் தேவையில்லை. 'கூடை' என்று நான்காவதாக ஓர் ஆப்ஜெக்ட் போதும். எண்ணிக்கை அதற்குள் இருக்கும். வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. 'சேர்', 'நீக்கு', 'எத்தனை' என்று மூன்று வாசல்கள் மட்டும் உண்டு. பட்டியலும் சின்னமும் பில்லும் உருவாகும்போதே, 'இதுதான் உங்கள் கூடை' என்று அதை அவற்றின் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கோ பொதுவெளியில் கிடப்பதை அவை தேடி எடுக்கக் கூடாது. கையில் கொடுப்பதால் இன்னொரு நன்மை: யார் யார் கூடையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது நிரலைப் படிக்கும்போதே தெரியும். மாற்றம் நடந்ததும் கூடை மூவருக்கும் குரல் கொடுக்கும். மொத்தம் இருபது வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். பத்து ஆப்ஜெக்ட்டுகள் வந்தாலும் தொண்ணூறு திசைகள் தேவைப்படாது. பத்தும் கூடையோடு மட்டும் பேசும்.

'சிங்கிள்டன்' என்ற வடிவத்தைக் காட்டி, அதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். நிரல் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட், எங்கிருந்தும் எட்டிப் பிடிக்கலாம். 1994-ல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய புகழ்பெற்ற நூல் அதை ஒரு நல்ல வடிவமாக முன்வைத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நேர்காணலில், அந்த நூல் தந்த வடிவங்களிலிருந்து எதை நீக்கலாம் என்ற பேச்சில் காமா சிங்கிள்டனைக் குறிப்பிட்டார். ஒன்றே ஒன்று இருப்பது தவறில்லை. யார் வேண்டுமானாலும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதைப் பொது மாறியின் மறுவேடமாக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் 'வரையெல்லை' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒரு மாறியின் பெயர் எங்கெங்கே செல்லுபடியாகும் என்பதை மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். நல்ல அடித்தளம் அது. அந்த அறிவு தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் விரல்நுனிக்கு வர வேண்டும். ஆய்வக வகுப்பில் நிரல் சரியான விடை தந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிற ஆசிரியர், அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இந்த மாறியை எத்தனை இடத்தில் மாற்றுகிறாய்?' நிரலைத் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கைக்கு வந்துவிட்ட இன்று, இந்தக் கேள்வி முன்பைவிட அவசரமானது. வரிகளைக் கருவி எழுதித்தரலாம். ஆனால், அந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்பதை அந்தக் கடையைத் தெரிந்த மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு மாறிக்கும் எதிரே ஒரு கட்டம் சேர்த்து, 'மாற்றும் உரிமை யாருக்கு' என்று எழுதச் சொன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும்.

கிட்ஹப் விவகாரத்தின் முடிவும் அப்படியொரு சின்னத் திருத்தம்தான். புதிதாகச் சேர்த்த பின்னணி த்ரெட்டை முதலில் எடுத்தார்கள். பிறகு யூனிகார்ன் மென்பொருளே மாற்றப்பட்டது. 2021 மார்ச்சில் வந்த அதன் ஆறாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு பெட்டி திறக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் அது வீசப்படுகிறது. பழைய பெட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதில் மிச்சமாகிக்கொண்டிருந்த துளி நேரத்தை அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.